வராத ஆளின் நாற்காலி

தராசுகளுக்கு உடம்பு சரியில்லை என்றால் வந்து பார்க்கும் டாக்டரம்மா அவள். கடைத்தெருவில் அவளுக்குத் தராசம்மா என்று பெயர். தோளில் பையும் கையில் எடைக்கல் பெட்டியுமாக அவள் தெருமுனை திரும்பினாலே காய்கறிக் கடைக்காரர் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். துடைத்தால் எடை சரியாகிவிடும் என்று அவருக்கு யார் சொன்னார்களோ, பதினோரு வருஷமாகத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

அளவைச் சோதனைக்கூடத்தில் அவளுக்கு வேலை. முதலில் தராசை மட்டமாக வைப்பாள். காலியாக இருக்கும்போது பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்பாள். பிறகு பெட்டியைத் திறந்து, மெத்துமெத்தென்ற துணிக்குள் தூங்கும் எடைக்கற்களைக் கையுறை போட்ட கையால் ஒவ்வொன்றாக எடுத்து வைப்பாள். வெறும் விரல் பட்டால் விரலின் எண்ணெய்ப் பசையும் எடையில் சேர்ந்துகொள்ளும். நடுவில் ஒரு தடவை, நாலு மூலையிலும் ஒவ்வொரு தடவை, ஏற்றும்போது ஒரு கணக்கு, இறக்கும்போது ஒரு கணக்கு. எல்லாம் முடிந்ததும் தராசின் நெற்றியில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிக் கையெழுத்துப் போடுவாள். மற்றவர்கள் இருபது நிமிஷத்தில் முடிப்பதை அவள் நாற்பது நிமிஷம் செய்வாள். கடமை உணர்ச்சி என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். உண்மையில் அது பயம்.

என்ன பயம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் இந்த வேலைக்குத் தேர்வு நடந்தபோது இருந்த இடம் ஒன்றே ஒன்று. அதில் முதலாவதாக வந்தது வேறு யாரோ. இவள் காத்திருப்போர் பட்டியலில் இருந்தாள். முதலாவதாக வந்த அந்தப் புண்ணியவான் (புண்ணியவதியோ, அதுகூடத் தெரியாது) ஏனோ வேலையில் சேர வரவில்லை. கடிதம் இவளுக்கு வந்தது. அன்றையிலிருந்து தான் உட்கார்ந்திருப்பது அந்த வராத ஆளின் நாற்காலி என்று இவளுக்கு ஒரு நினைப்பு. கடினமான தராசு ஒன்றைத் திறந்தால், வராத ஆளாக இருந்தால் இரண்டே நிமிஷத்தில் கண்டுபிடித்திருப்பார் என்று தோன்றும். யாராவது பாராட்டினால் அடுத்த வீட்டுக்கு வந்த பார்சலைத் தவறி வாங்கிக்கொண்டதுபோல் கூசும். கட்டிய கணவரைப் பற்றிக்கூட அவள் இவ்வளவு யோசித்திருக்க மாட்டாள்.

இந்த லட்சணத்தில்தான் மாத ஆரம்பத்தில் ஒரு நாள் சீஃப் அவளைக் கூப்பிட்டார். சோதனைக்கூடத்தின் தலைவர். மூக்கு நுனியில் கோபம். அவர் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அவர் பேசப் பேச அது 'டக் டக்' என்று தாளம் போடும். ஊர்த் தராசையெல்லாம் மட்டம் பார்க்கும் ஆபீஸில் தலைவரின் நாற்காலி மட்டும் மட்டமாக இல்லை என்பதை யாரும் சொல்லத் துணிந்ததில்லை.

"நான் இந்த மாசத்தோட ஓய்வும்மா," என்றார் சீஃப். "வீட்ல மூணு மீன் தொட்டி இருக்கு. அதுங்களுக்கு என்னை விட்டா நாதியில்ல. இந்த நாற்காலிக்கு உங்க பேரை எழுதி அனுப்பலாம்னு இருக்கேன். கடைசி வெள்ளிக்கிழமை காலையில சரியா வேணாமான்னு சொல்லிடுங்க."

"சார், நான் எப்படி சார்..."

"வேணாம்னா டைக்காரருக்குப் போகும். அவ்வளவுதான்." டக் டக் என்றது நாற்காலி.

டைக்காரர் யார் என்று சொல்லிவிடுகிறேன். எந்த வெயிலிலும் டை கட்டி வருகிற மனுஷர். 'நான் ஒருத்தன் இல்லேன்னா இந்த ஆபீஸ் என்னத்துக்கு ஆகும்' என்பது அவர் காலை வணக்கம். ஒரு முறை அரிசி மண்டியில் அவர் வேலை செய்வதைத் தராசம்மா தற்செயலாகப் பார்த்தாள். கடைக்காரர் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார், டையைச் சரிசெய்தார், போன மாதத்து எண்களை இந்த மாதத் தாளில் அழகாக எழுதினார், ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுக் கிளம்பினார். எடைக்கல் பெட்டியின் பூட்டைக்கூடத் திறக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே பிடித்திருப்பார்கள். இவளோ, ஒருவேளை தனக்குத் தெரியாத ஏதோ ஒரு முறை இருக்கிறதோ என்று வீட்டுக்கு வந்து கையேட்டைப் புரட்டிப் பார்த்தாள்! அப்படியொரு முறை அதில் இல்லை. அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள், டைக்காரர் என்றதும் வாயை மூடிக்கொண்டாள். சரி என்றால் வராத ஆளின் நாற்காலியிலிருந்து எழுந்து இன்னும் பெரிய நாற்காலியில் போய் உட்கார்ந்து, ஊர் முன்னால் மாட்டிக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்றால் ஊர்த் தராசெல்லாம் டைக்காரர் கைக்குப் போகும். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

அன்று சாயங்காலம் மகள் ஒரு கேள்வித்தாளோடு வந்தாள். கல்லூரியில் உளவியல் படிக்கிறாள். படிக்க ஆரம்பித்த நாளிலிருந்து வீட்டில் இருப்பவர்களுக்கு ஒவ்வொரு வியாதியாகக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"இது இம்போஸ்டர் சிண்ட்ரோம்," என்றாள். "தகுதி இல்லாம இங்க வந்துட்டோம், ஏதோ அதிர்ஷ்டத்துல ஓடுது, ஒரு நாள் எல்லாரும் கண்டுபிடிச்சுடுவாங்கன்னு உள்ளுக்குள்ள ஒரு பயம். நல்லா வேலை செய்றவங்களுக்குத்தான் நிறைய வருமாம். இருபது கேள்வி. ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் மார்க் போடணும்."

முதலில் அப்பா போட்டார். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். வீட்டு வாசல் தூணில் மூன்று கீறல்கள் உண்டு, மூன்றும் அவர் காரால் ஆனவை. தூண் சரியான இடத்தில் இல்லை என்பது அவர் கட்சி. நூற்றுக்கு இருபத்திரண்டு வாங்கினார்.

"எல்லாத்துக்கும் ஒண்ணு போட்டிருக்கீங்க. இது ஒண்ணுக்கு மட்டும் ஏன்ப்பா மூணு? 'யாராவது பாராட்டினால் சங்கடமாக இருக்கிறதா?'"

"இந்த வீட்ல என்னை யாரு பாராட்டியிருக்கீங்க? அனுபவம் இல்லாத விஷயத்துல நடுவுல போட்டுட்டேன்."

அடுத்தது அம்மா. 'ஒரு வேலை நன்றாக முடிந்தால், இந்தத் தடவை தப்பித்தோம் என்று தோன்றுகிறதா?' ஐந்து. 'உங்களைப் பற்றிய உண்மை ஒரு நாள் தெரிந்துவிடும் என்று பயமா?' ஐந்து. 'உங்கள் இடத்தில் இன்னொருவர் இருந்திருக்க வேண்டும் என்று நினைத்ததுண்டா?' இதைப் படித்ததும் அவளுக்குத் திக்கென்றது. வராத ஆளைப் பற்றி இந்தக் காகிதத்துக்கு யார் சொன்னது? ஐந்துக்கு மேல் இடமில்லாததால் ஐந்து போட்டாள்.

"தொண்ணூத்தி ஒண்ணு!" மகள் குதித்தாள். "அம்மா, எங்க கிளாஸ்லயே இதான் ரெக்கார்டு!"

வாழ்க்கையில் முதல்முறையாக எதிலோ முதலாவதாக வந்திருக்கிறாள். அது இதிலா வர வேண்டும்? அதைக்கூட அவளால் நம்ப முடியவில்லை. சும்மா ஐந்து ஐந்தாகப் போட்டு மிகைப்படுத்திவிட்டேனோ, உண்மையாகவே அந்த வியாதி உள்ளவர்கள் வேறு எங்காவது இருப்பார்களோ என்று குடைய ஆரம்பித்தது.

"ஒரே ஒரு தடவைதானே அளந்திருக்க," என்றாள் மகளிடம். "ஒரு தடவை அளந்தா அது அளவே இல்ல. இன்னும் ரெண்டு தடவை பாக்கணும்."

மறுநாள் காலையில் தொண்ணூற்றிரண்டு, சாயங்காலம் தொண்ணூறு. மாறாமல் வருகிறது, நல்ல கருவிதான் என்று தொழில் முறையில் ஒப்புக்கொண்டாள். ஆனால் எடைக்கல் எங்கே? ஒரு தராசு தொண்ணூற்றொன்று காட்டினால், அதன் மேல் நிஜமாக என்ன வைத்தோம் என்று தெரிந்தால்தானே அது சரியா தப்பா என்று சொல்ல முடியும்?

வழி ஆபீஸிலேயே இருந்தது. அங்கே ஒவ்வொரு வேலையின் தாளும் மறுநாள் சரிபார்ப்பு மேசைக்குப் போகும். அந்த மேசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாள் எல்லாக் கணக்கையும் திரும்பப் போட்டுப் பார்த்து நூற்றுக்கு இவ்வளவு என்று சிவப்பு மையில் மதிப்பெண் கொடுப்பார். யாருக்கும் நூறு கொடுத்த சரித்திரம் இல்லை. சிரித்த சரித்திரமும் இல்லை.

தராசம்மா ஒரு சின்ன நோட்டு வாங்கினாள். வேலை தொடங்கும் முன்னால், இன்றைக்கு நமக்கு எவ்வளவு வரும் என்று மனசில் பட்டதை ஒரு பத்தியில் எழுதுவாள். மறுநாள் மேசை கொடுத்ததைப் பக்கத்துப் பத்தியில் எழுதுவாள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மூன்றாவது பத்தி. மீன் கடைத் தராசு: நினைத்தது ஐம்பத்தைந்து, கிடைத்தது தொண்ணூற்று மூன்று. நகைக்கடையின் கடுகுபோன்ற குட்டித் தராசு: ஐம்பத்து நாலு, தொண்ணூற்றைந்து. லாரியோடு நிறுக்கும் எடைமேடை: ஐம்பத்தைந்து, தொண்ணூற்று நாலு. இப்படியே இரண்டு வாரம்.

வித்தியாசம் முப்பத்தெட்டிலிருந்து நாற்பத்தொன்றுக்குள்தான் ஆடியது. அவளுக்கு அந்த மூன்றாவது பத்தியைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏன் என்று அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் புரியும். தப்புக் காட்டும் தராசு ஒன்றும் கெட்ட தராசு இல்லை. எப்போதும் ஒரே அளவு தப்புக் காட்டினால் அதற்குத் திருத்தம் எழுதி ஒட்டிவிட்டுப் பயன்படுத்தலாம். பதினைந்து கிராம் கூடக் காட்டினால், பதினைந்தைக் கழித்துக்கொள் என்று ஒரு ஸ்டிக்கர், அவ்வளவுதான்.

"எனக்கு ஒண்ணும் இல்லடி," என்று மகளிடம் நோட்டைக் காட்டினாள். "முப்பத்தொம்பது குறைச்சுக் காட்டுறேன். நான் என்ன நினைச்சாலும் கூட முப்பத்தொம்பது போட்டுக்கணும், அவ்வளவுதான்."

மகள் வாயைப் பிளந்தாள். "அம்மா, இதுக்கு சிகிச்சைன்னு எங்க புஸ்தகத்துல நாப்பது பக்கம் இருக்கு!"

"உங்க புஸ்தகத்துக்குத் தராசு தெரியாது."

வெள்ளிக்கிழமை சீஃபிடம் சரி என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டாள். அந்த வாரம் முழுக்க அவள் நடையிலேயே ஒரு துள்ளல். வீட்டில் ஒரு சின்னக் குறைதான். தினமும் காலையில் ரொட்டியைக் கடித்ததும் கணவர் முகம் சுளித்தார்.

"என்னமோ தெரியல, இப்பல்லாம் ரொட்டி சப்புனு இருக்கு."

"உங்க நாக்கு செத்துப் போச்சு," என்றாள் அவள், வெண்ணெயைக் கொஞ்சம் கூடத் தடவிக்கொண்டே.

வியாழக்கிழமை மத்தியானம் ஆபீஸுக்கு ஃபோன் வந்தது. கடைத்தெரு பேக்கரிக்காரர். "தராசம்மா, கோவிச்சுக்காதீங்க, ஒரு எட்டு வந்துட்டுப் போறீங்களா?"

முந்தின வியாழக்கிழமைதான் அவள் அங்கே போயிருந்தாள். உப்பு நிறுக்க மட்டும் அவர் வைத்திருக்கும் சின்னத் தராசு, நூறு கிராம் வைத்தால் நூற்றுப் பதினைந்து காட்டியது. உள்ளே ஒரு திருகு தேய்ந்திருந்தது. புதுத் திருகு வரும் வரைக்கும் திருத்தம் எழுதி ஒட்டிவிட்டு வந்திருந்தாள். தாளுக்கு மேசை தொண்ணூற்றாறு கொடுத்திருந்தது.

பேக்கரியில் சூடும் மாவு வாசனையுமாக இருந்தது. பேக்கரிக்காரர் அடுப்பின் பக்கம் இல்லாமல் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மனுஷர் முகம் ரொட்டிக்கும் மேலே வெளுத்திருந்தது.

"ஒரு வாரமா ரொட்டியை வாயில வைக்க முடியல தராசம்மா. உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டுப் போறாங்க. முதல்ல உப்புக் கடைக்காரனைத் திட்டினேன். அப்புறம் மாவை மாத்தினேன். நேத்து வீட்டுக்காரிகிட்ட சொன்னேன், எனக்குக் கை மறந்து போச்சு போல, இனிமே கடையை மூடிடலாம்னு. முப்பது வருஷம் ரொட்டி போட்டவன்ம்மா நான்."

"நிறுத்துதானே உப்புப் போடறீங்க?"

"முன்னெல்லாம் நூறுன்னு நிறுப்பேன், அதுக்கு மேல கையால ஒரு சிட்டிகை, நாக்குக்குத் தோணுற வரைக்கும். நீங்க ஸ்டிக்கர் ஒட்டினதும் அந்தச் சிட்டிகையை விட்டுட்டேன். படிச்சவங்க அளந்து எழுதியிருக்காங்க, நாம என்ன கையை நீட்டறதுன்னு."

அவள் குனிந்து ஸ்டிக்கரைப் பார்த்தாள். தன் கையெழுத்து. தேதி. திருத்தம்: கூட்டல் பதினைந்து.

கூட்டல்!

கழித்தல் என்று எழுதியிருக்க வேண்டும். ஆபீஸுக்குப் போன தாளில் கழித்தல் என்றுதான் எழுதியிருந்தாள். ஸ்டிக்கரில் மட்டும் தலைகீழாகிவிட்டது. பாவம் அவர், தராசு எண்பத்தைந்து காட்டும்போதே, பதினைந்தைக் கூட்டினால் நூறு என்று நிறுத்தியிருக்கிறார். உண்மையில் அங்கே இருந்தது எழுபது கிராம் உப்பு. எப்படி இந்தத் தப்பு வந்தது என்பதும் அவளுக்கு அடுத்த நொடி ஞாபகம் வந்தது. அன்றைக்குத் தராசு ஆடி அடங்கட்டும் என்று காத்திருந்த நேரத்தில் அந்தச் சின்ன நோட்டை எடுத்து, முந்தின நாள் வேலைக்கு 'கூட்டல் முப்பத்தொன்பது' என்று ஆசையாக எழுதிக்கொண்டிருந்தாள். எழுதின கை, அதே வேகத்தில் ஸ்டிக்கரிலும் கூட்டலைப் போட்டுவிட்டது. தன்னை அளந்துகொண்டிருந்தவள் தராசைக் கோட்டைவிட்டாள்.

பதினோரு வருஷமாக எதிர்பார்த்துப் பயந்த நாள் வந்துவிட்டது. ஓடிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் எதிரில் அந்த மனுஷர் மாவு படிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, தன் கையைத் தானே நம்பாமல் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, உங்க கை மறக்கல," என்றாள். "தப்பு என்னோடது. கழிக்கணும்னு எழுத வேண்டிய இடத்துல கூட்டணும்னு எழுதிட்டேன். உங்க நாக்கு சொன்னதுதான் சரி. ஸ்டிக்கர் தப்பு."

பேக்கரிக்காரர் அவளைப் பார்த்தார், ஸ்டிக்கரைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். இப்போது திட்டு விழும் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"இல்லண்ணே."

"ஏய்!" என்று அவர் உள்பக்கம் பார்த்துக் கத்தினார். "என் கைக்கு ஒண்ணும் இல்லையாம்! கடையை மூட வேணாம்!" அப்புறம் சிரித்துக்கொண்டே எழுந்தார். "ஒரு கோடுதானேம்மா? அழிச்சுட்டு எழுதுங்க. நான் ஒரு தடவை உப்புக்குப் பதிலா சர்க்கரையையே போட்டிருக்கேன்."

அவ்வளவுதான் நடந்தது. பதினோரு வருஷம் பயந்ததற்கு இவ்வளவுதானா என்று அவளுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. புது ஸ்டிக்கர் எழுதினாள். அவரையே நூறு கிராம் நிறுக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தாள். ஆபீஸுக்குப் போய்த் தன் தப்பைத் தானே எழுதிக் கொடுத்தாள். சரிபார்ப்பு மேசை அம்மாள் படித்துவிட்டு, தொண்ணூற்றாறை அடித்து, முப்பத்தைந்து என்று எழுதினார். கை கொஞ்சமும் நடுங்கவில்லை அந்த அம்மாளுக்கு.

வீட்டுக்கு வந்ததும் நோட்டைத் திறந்தாள். பேக்கரி: நினைத்தது ஐம்பத்தைந்து. கிடைத்தது முப்பத்தைந்து. வித்தியாசம், கழித்தல் இருபது.

போச்சு. முப்பத்தொன்பது என்ற அழகான கணக்கு ஒரே வரியில் பொடிப்பொடியாகிவிட்டது. ஐம்பத்தைந்தே எனக்கு அதிகம்தான், நினைத்ததையும்விட மோசம் நான், நாளைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்று நோட்டை மூடப் போனாள். கண் முதல் பத்தியில் நின்றது.

ஐம்பத்தைந்து, ஐம்பத்து நாலு, ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு, ஐம்பத்தைந்து, ஐம்பத்தைந்து.

எடைமேடைக்கும் அதே. நகைக்கடைக்கும் அதே. பிரமாதமாகச் செய்த அன்றைக்கும் ஐம்பத்தைந்து, கோட்டைவிட்ட அன்றைக்கும் ஐம்பத்தைந்து.

"இங்க வாடி," என்று மகளைக் கூப்பிட்டாள். "அந்த இருபது கேள்வியை இன்னொரு தடவை குடு."

"இப்பவா? வேணாம்மா, இன்னிக்கு நீ நொந்து போயிருக்க. நூறு வந்துடும்."

"குடுன்னா குடு."

ஒவ்வொரு கேள்வியாக யோசித்துப் போட்டாள். மகள் கூட்டினாள். முகம் மாறியது. "தொண்ணூத்தி ஒண்ணு."

"அதே தொண்ணூத்தி ஒண்ணா?"

"அதேதாம்மா."

தராசம்மா சிரிக்க ஆரம்பித்தாள். கணவர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன, என்ன?"

"இங்க பாருங்க. ஒரு தராசுல ஒரு கிலோ வச்சாலும் அஞ்சு காட்டுது, பத்து கிலோ வச்சாலும் அஞ்சு காட்டுது, ஒண்ணுமே வைக்காட்டியும் அஞ்சு காட்டுது. அதுக்கு என்ன அர்த்தம்?"

"தராசு தூங்குதுன்னு அர்த்தம்."

"முள் சிக்கியிருக்குன்னு அர்த்தம். திருத்தம் போட்டு ஓட்டலாம்னு நினைச்சேனே, நான் ஒரு மடச்சி. இதுக்குத் திருத்தமே கிடையாது. இது எதையும் அளக்கவே இல்ல. நான் நல்லா செஞ்சா அதுக்குத் தெரியாது, தப்பு செஞ்சாலும் தெரியாது. தப்பைக் கண்டுபிடிச்சது எது? அவரோட நாக்கு. உங்க நாக்கும்தான்."

"நான் ஒரு வாரமா சொன்னேனே," என்றார் கணவர், வெற்றிப் பெருமிதத்தோடு. "நாக்கு செத்துப் போச்சுன்ன."

"தப்புதான். உங்க நாக்கு நல்ல நாக்கு. நம்பகமான நாக்கு."

கணவர் நெளிந்தார். "என்னமோ மாதிரி இருக்கே இது," என்றவர் மகளிடம் திரும்பி, "அந்தப் பாராட்டுக் கேள்விக்கு எனக்கு அஞ்சு போட்டுக்க," என்றார்.

முள் சிக்கிய தராசைக் கடையில் கண்டால் அவள் செய்வது ஒன்றே ஒன்றுதான். பையைத் திறந்து சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை எடுத்தாள். 'பயன்படுத்தக் கூடாது' என்று அச்சடித்திருக்கும். தொண்ணூற்றொன்று என்று எழுதியிருந்த கேள்வித்தாளின் நெற்றியில் அதை ஒட்டி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டாள். பயம் அப்படியே உள்ளேதான் இருந்தது. கழற்றிப் போட அது என்ன செருப்பா? இருக்கட்டும், இனிமேல் அதைப் பார்த்து எடை எழுதுவதில்லை என்று மட்டும் முடிவு செய்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் சீஃபின் அறைக்குள் போனபோது டைக்காரர் அங்கே ஏற்கெனவே நின்றிருந்தார். மேசையில், பேக்கரித் தப்பைப் பற்றி அவளே எழுதிக் கொடுத்த தாள்.

"நான் குறை சொல்லணும்னு சொல்லல சார்," என்று டைக்காரர் ஆரம்பித்தார். "ஆனா இத்தனை வருஷத்துல என் மேல ஒரு புகார்கூட வந்ததில்ல."

"வராதுங்க," என்றாள் தராசம்மா. "பெட்டியைத் திறந்தாத்தானே தப்பு வரும். அரிசி மண்டியில நீங்க போன மாசத்து எண்ணை எழுதினதை நான் பாத்தேன். அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு. சார், அந்தத் தராசை இன்னிக்கே நானே போய் அளக்கறேன்."

அவளுக்கே தன் குரல் புதிதாகக் கேட்டது. டைக்காரர் டையைச் சரிசெய்தார். சரியாக இருந்த டை கோணலானது. நாற்காலி டக் என்று ஒரு தாளம் போட்டு நின்றது.

"அதை நான் பாத்துக்கறேன்," என்று சீஃப் அவரை வெளியே அனுப்பிவிட்டு இவள் பக்கம் திரும்பினார். "ஆக, நீங்க சரிங்கறீங்களா, வேணாங்கறீங்களா?"

"சரி சார். ஆனா ஒண்ணு. இனிமே யார் ஸ்டிக்கர் ஒட்டினாலும் கடைக்காரரை ஒரு தடவை நிறுக்கச் சொல்லிப் பாத்துட்டுத்தான் கிளம்பணும். என்னையும் சேர்த்துத்தான்."

"நல்லது, எழுதிடுங்க."

"இன்னொண்ணும் இருக்கு சார். சொல்லாம உக்கார எனக்கு மனசு வராது. நான் காத்திருப்போர் பட்டியல்ல இருந்து வந்தவ. முதலாவதா வந்தது வேற ஆள்."

சீஃப் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். "அப்படியா? எனக்கு ஞாபகமே இல்லையே. யாரும்மா அது?"

பதினோரு வருஷமாகத் தினமும் நினைத்த ஆள். பெயர் தெரியாது. முகம் தெரியாது. ஆணா பெண்ணா தெரியாது. ஒரு தராசைக்கூடத் தொட்டதில்லை. ஒரு மழை நாளில்கூடப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்கு வந்ததில்லை. தப்பு செய்ததில்லை, ஏனென்றால் எதுவுமே செய்ததில்லை.

"தெரியாது சார்," என்றாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "அவங்க வரவே இல்ல. நான்தான் வந்துக்கிட்டிருக்கேன்."

"நல்லதாப் போச்சு," என்று சீஃப் படிவத்தை நீட்டினார். மீன்களுக்கு இரை போட நேரமாகிவிட்ட அவசரம் அவருக்கு. அவள் கையெழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை அந்த அறைக்கு அவள் முதலில் வந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை. பையிலிருந்து மட்டம் பார்க்கும் குமிழ்க் குழாயை எடுத்து இருக்கையின் மேல் வைத்தாள். குமிழ் ஒரு பக்கமாக ஓடியது. குனிந்து குட்டைக் காலைக் கண்டுபிடித்தாள். முட்டுக் கொடுக்க ஏதாவது கிடைக்குமா என்று பைக்குள் துழாவினாள். சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய கேள்வித்தாள் கையில் வந்தது. தராசாகத்தானே பயன்படுத்தக் கூடாது? இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள், எட்டாக மடித்து அந்தக் காலுக்கு அடியில் செருகினாள்.

குமிழ் நடுவில் வந்து நின்றது. மூன்று தடவை பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள்.